கூடையை இறக்கிவைத்த அந்த நொடிகள்: தேயிலை மலையில் நடந்த குளவித் தாக்குதல் பற்றிய நிகழ்வு ஆய்வு

அன்று காலையில் பனிமூட்டம் விலகியதும் காற்று எழுந்தது. நுவரெலியா மாவட்டத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசனில் 26 பெண்கள் ஆளுக்கொரு நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். முதல் நிறுவை முடிந்திருந்தது. இரண்டாம் நிறுவைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மலையோரத்து நிழல்மரத்தில் காய்ந்து நின்ற கிளை ஒன்று முறிந்து, அதன் கீழே தொங்கிய கூட்டின்மேல் விழுந்தது. சில நிமிடங்களுக்குள் ஒன்பது பேர் கொட்டு வாங்கிவிட்டார்கள்.

மரத்துக்கு மிக அருகில் நின்ற இரண்டு இளம்பெண்களுக்கு இரண்டு மூன்று கொட்டுகள்தான். அவர்களைவிடத் தள்ளி, நான்காவது நிரையில் நின்ற 54 வயதுப் பெண்ணுக்கு முகம், கழுத்து, தலை என்று எண்ணி முடியாத அளவு. கொழுந்து லொறியில் ஏற்றி டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தபோது அவருக்கு நாக்கு தடித்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தோட்ட மருத்துவ உதவியாளர் தாமதிக்காமல் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். 1990 என்ற அவசர எண்ணுக்கு அழைத்ததும் அம்புலன்ஸ் வந்து அவரை வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றது. ஆறு நாள் கழித்து வீடு திரும்பினார். அந்த ஊசி டிஸ்பென்சரியில் இருந்திராவிட்டால் நான் இதை வேறு விதமாக எழுதியிருக்க வேண்டும்.

அருகில் நின்றவர்கள் தப்பினார்கள், தள்ளி நின்றவர் அகப்பட்டார். இது ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். என் அம்மா 31 வருடம் கொழுந்து பறித்தவர். இப்போது தோட்டங்களில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அந்த டிவிசனின் தொழிற்சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டதாலும், நிர்வாகம் மறுக்காததாலும் என்னை அங்கே அனுப்பினார்கள்.

நான் போவதற்கு முன்பே விபத்துப் படிவம் நிரப்பப்பட்டிருந்தது. காரணம் என்ற இடத்தில் "தொழிலாளரின் கவனயீனம்" என்றும், எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில் "அறிவுறுத்தப்பட்டது" என்றும் எழுதியிருந்தார்கள்.

இப்படி எழுதுவதற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்த ஹெர்பர்ட் ஹைன்ரிக் 1931இல் வெளியிட்ட நூலில், தொழில் விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயலால் நிகழ்கின்றன என்று எழுதினார். அந்த எண் கடல் கடந்து, பயிற்சி வகுப்புகளில் வேதவாக்காகவே ஆகிவிட்டது. ஆனால் அவர் ஆராய்ந்தவை காப்புறுதிக் கோப்புகளும் தொழிற்சாலைப் பதிவுகளும். அவற்றில் விபத்தின் காரணத்தைப் பெரும்பாலும் எழுதியவர்கள் மேற்பார்வையாளர்கள். பேனா யார் கையில் இருக்கிறதோ அவருக்கு எதிரே நிற்பவர்மேல்தான் காரணம் விழும். எங்கள் படிவத்தின் கதையும் இதுதான்.

தொழிலாளரின் நடத்தையைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நடத்தையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிடுவதுதான் தவறு. ஒருவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று கேட்டு, அவர் நின்ற இடத்தில் நாமும் நின்று பார்க்கும்வரை அந்த வேலை முடிவதில்லை.

லயத்தில் கேட்டவை

அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டால் உண்மை வராது என்று தெரியும். மாலையில் லயத்துக்குப் போனேன். பீலிக்கரையில் குளித்துத் துணி அலசிக்கொண்டிருந்தவர்களிடமும், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர்களிடமும் மூன்று மாலைகள் பேசினேன். என் அம்மா வேலை செய்த தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் 'ஐயா' போய் 'தம்பி' வந்தது. அதற்குப் பிறகுதான் பேச்சும் வந்தது.

முதல் மாலையே தெரிந்த செய்தி இது: கூடு அங்கே இருப்பது மூன்று வாரமாக எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு, இருவருக்கு என்றில்லை, அந்த மலையில் ஏறிய ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு அக்கா என்னைத் திருப்பிக் கேட்டார்: "சொன்னால் அரைப்பேர் யாருக்குத் தம்பி? உங்களுக்கா, எங்களுக்கா?"

மலைநாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகருக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2024இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,350 ரூபா என்று நிர்ணயித்தது. ஆனால் மலையில் ஏறிய எல்லோருக்கும் நிர்ணயித்த தொகை அப்படியே கைக்கு வந்துவிடுவதில்லை. அன்றைக்குப் பறிக்க வேண்டிய கிலோக் கணக்கு ஒன்று இருக்கிறது. அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 அல்லது 20 கிலோ என்பது பல இடங்களில் கேட்கும் கணக்கு. அதை எட்டினால் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம்; எட்டாவிட்டால் பாதிச் சம்பளமான அரைப்பேர், அல்லது பறித்த கிலோவுக்கு மட்டும் காசு. கூடு இருப்பதாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அந்த மலை, அதாவது அந்தத் தேயிலைப் பகுதி, மூடப்படும். குழுவை வேறு மலைக்கு அனுப்புவார்கள். ஏறி இறங்கவே முக்கால் மணி நேரம் போய்விடும். போய்ச் சேரும் மலையில் மூன்று நாளைக்கு முன்பு பறித்த கொழுந்து இன்னும் முளைத்திருக்காது. அன்றைக்கு 26 பேருக்கும் அரைப்பேர்.

முந்தைய வருடம் இதேபோல ஒருவர் கூடு இருப்பதைச் சொல்லியிருக்கிறார். குழு மாற்றப்பட்டது. கூட்டை அகற்றப் பதினொரு நாளாயிற்று. அந்தப் பதினொரு நாளும் அவர் கூட வேலை செய்தவர்களிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. "உன் வாயால் எங்கள் வயிறு காய்கிறது" என்று காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலேயே ஒருவர் சொன்னாராம். அதன்பிறகு அவர் எதையும் சொல்வதில்லை. வழுக்கும் படியையும் சொல்வதில்லை, ஆடும் பாலத்தையும் சொல்வதில்லை.

இதைக் கேட்டபோது 'கவனயீனம்' என்ற சொல் எவ்வளவு பொய்யானது என்று புரிந்தது. அவர்கள் கூட்டைக் கவனித்திருக்கிறார்கள். அதன் அளவு தெரியும், எந்தக் கிளை என்று தெரியும், வெயில் ஏறினால் சத்தம் கூடும் என்றும் தெரியும். அந்தப் பக்கத்து நிரையில் பேச்சைக் குறைத்துக்கொண்டு, புகையிலை மணம் வராமல் பார்த்துக்கொண்டு பறித்திருக்கிறார்கள். கவனம் முழுதாக இருந்தது. சொல்வதற்கான வழிதான் அடைபட்டிருந்தது.

நடத்தையை ஆராய்பவர்கள் மூன்றைப் பார்க்கச் சொல்வார்கள்: செயலுக்கு முன்னே நிற்கும் தூண்டல், செயல், செயலைத் தொடர்ந்து வரும் விளைவு. அறிவுரையும் சுவரொட்டியும் முதல் வகையைச் சேர்ந்தவை. மனிதரை உண்மையில் வழிநடத்துவது மூன்றாவது. விளைவுகளிலும், உடனே வருவதும் நிச்சயமாக வருவதும், என்றோ வரலாம் என்பதை எப்போதும் வென்றுவிடும். கூட்டைச் சொன்னால் அரைப்பேர் இன்றைக்கே நிச்சயம். சொல்லாவிட்டால் குளவி கொட்டலாம், கொட்டாமலும் போகலாம். மூன்று வாரமாகக் கொட்டவும் இல்லை. ஆபத்தில்லாமல் கடந்த ஒவ்வொரு நாளும், பேசாமல் இருந்தது சரிதான் என்று அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். என் அம்மாவும் பேசியிருக்க மாட்டார்.

நான்காவது நிரை

இரண்டாம் மாலை, வைத்தியசாலையிலிருந்து திரும்பியிருந்த அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். முகத்தில் வீக்கம் இன்னும் இறங்கியிருக்கவில்லை. நடந்ததை மெதுவாகச் சொன்னார்.

கிளை முறிந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. இரைச்சலும் கேட்டிருக்கிறது. முன்னால் நின்ற இளம்பெண்கள் தலைக்கயிற்றைத் தள்ளிவிட்டு, கூடைகள் சரிந்து உருள, குறுக்குப் பாதையில் ஓடிவிட்டார்கள். அவர் ஓடவில்லை. முதலில் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்தார். கூடையைப் பின்னாலிருந்து பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தார். சரிவில் உருளாதபடி இரண்டு தேயிலைச் செடிகளுக்கு இடையில் அதைச் செருகி நிறுத்தினார். கொழுந்து ஒரு பிடிகூடக் கொட்டவில்லை. பிறகுதான் ஓடினார். அதற்குள் முதல் கொட்டு கன்னத்தில் விழுந்துவிட்டது.

எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று, வெறும் கையால் செய்து காட்டினார். பத்துப் பன்னிரண்டு நொடிகள்.

மலைநாட்டில் எல்லாவற்றையும் குளவி என்று சொல்லிவிடுகிறோம். அன்று கொட்டியது மலைத்தேனீ. மரக்கிளையின் அடியில் ஒரே அடையாகத் திறந்து தொங்குவது அதன் கூடு. குளவியின் கூடோ காகிதத்தால் செய்ததுபோல் உருண்டையாக இருக்கும், சில நேரம் செடிக்குள்ளேயே மறைந்திருக்கும். இந்த வேறுபாட்டை அறிந்துவைப்பது நல்லது. தேனீ கொட்டினால் கொடுக்கு உடலிலேயே தங்கி, நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே எப்படி எடுப்பது என்று யோசிக்காமல், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகப் பிடுங்கிவிட வேண்டும். அதோடு, பதிந்த கொடுக்கிலிருந்து எழும் வாசனை மற்றத் தேனீக்களையும் அதே இடத்துக்கு அழைக்கும். முதல் கொட்டு விழுந்தவர்மேல் அடுத்தது விழும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். அந்தப் பத்து நொடிகளின் விலை அதுதான்.

அந்தக் கூடையில் ஏழு கிலோ அளவு இருந்திருக்கும் என்றார். அதைக் கொட்டியிருந்தால் அன்றைய முழுப்பேர் போயிருக்கும்.

கங்காணியும் ஒரு தொழிலாளிதான்

முந்தைய வருடம் கூட்டைச் சொன்னவரிடம், குழுவை மேற்பார்க்கும் கங்காணி, "வேலை செய்ய மனமில்லாவிட்டால் குளவியைக் காட்டுவீர்கள்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவரையும் சந்தித்தேன். மறுக்கவில்லை, தலை குனிந்துதான் பேசினார். ஒவ்வொரு மாலையும் டிவிசனின் கிலோக் கணக்கு வெளிக்கள உத்தியோகத்தரிடம் போகிறது. குறைந்தால் முதலில் ஏச்சு வாங்குபவர் கங்காணி. குழுவை ஏன் மாற்றினாய் என்று கேட்பார்களே தவிர, எத்தனை பேரைக் காப்பாற்றினாய் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. பறிப்பவர்கள் பெண்கள், அவர்களுக்கு மேலே கங்காணி, கணக்கப்பிள்ளை, உத்தியோகத்தர், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என்று ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். ஒரு பெண்ணின் எச்சரிக்கை இந்தப் படிகளில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேய்ந்து, மேலே போய்ச் சேரும்போது ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது.

சட்டமும் இங்கே பெரிய துணையாக இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஸ்டோருக்குள், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலைக்குள், இருக்கும் இயந்திரங்களுக்குப் பொருந்தும். கொழுந்து பறிக்கும் மலை அதன் எல்லைக்கு வெளியே. காயம்பட்ட பிறகு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. காயம்படுவதற்கு முன்பு என்ன செய்வது என்பதை மலையிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செய்தவை

முதலில் செய்தது பயனளிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தேன். எல்லோரும் வந்தார்கள், தலையாட்டினார்கள், பிஸ்கட்டும் தேநீரும் வாங்கிக்கொண்டு போனார்கள். தினமும் பிரட்டில் "கவனமாக இருங்கள்" என்று கங்காணி வாசித்தார். ஒரு வாரத்தில் அது காலைச் சங்குச் சத்தம்போல் காதில் விழுந்தும் விழாமலும் ஆகிவிட்டது. அவர்களுக்குத் தெரிந்ததையே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு விளைவுகளின் பக்கம் போனோம். நிர்வாகத்திடம் இரண்டு விஷயங்களைக் கேட்டோம். கூடு காரணமாக மலை மாற்றப்படும் குழுவுக்கு, அன்றைய கிலோ என்னவாக இருந்தாலும் முழுப்பேர். தப்பி ஓடும்போது கொழுந்தைக் கொட்டியவருக்கு, அன்று குழுவில் மற்றவர்கள் பறித்ததன் சராசரியைக் கணக்கில் எழுதுவது. இந்த இரண்டாவது கோரிக்கையைக் கேட்டதும் துரை நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பொய்யாகக் கூடு சொல்வார்கள், வேண்டுமென்றே கொட்டுவார்கள் என்பது அவருடைய அச்சம். நான்காவது நிரையில் நடந்ததை அப்படியே சொன்னேன். பன்னிரண்டு நொடியை அவர் மேசைக்கு முன்னால் நின்று நானும் வெறும் கையால் செய்து காட்டினேன். மூன்று மாதம் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார்.

எப்படிச் சொல்வது என்பதைப் பெண்களிடமே விட்டோம். தங்கள் பெயர் எழுதப்படக் கூடாது என்றார்கள்; நிரையின் இடம் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. கங்காணியிடம் போகாமல், கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கொப்பி வைத்தோம், எப்படியும் நாளைக்கு மூன்று முறை எல்லோரும் அங்கே வருவார்கள் என்பதால். கூடு இருக்கும் இடத்தைக் குறிக்க அலுவலகம் வெள்ளைக் கொடிகள் கொடுத்தது. மூடுபனியில் வெள்ளை தெரியாது என்று அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய சிவப்புச் சேலைகளைக் கிழித்துக் கட்டினார்கள். எனக்கு இது தோன்றியிருக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மிகச் சிறிய ஒன்று என்று நினைக்கிறேன். முதல் நாள் எழுதப்பட்டதற்கு என்ன செய்தோம் என்பதை மறுநாள் பிரட்டில் கங்காணி சத்தமாகச் சொல்ல வேண்டும். "ஏழாம் நம்பர் மலைக் கூட்டை நேற்று இரவு பார்த்தோம், தேனீ, அடுத்த வாரம்வரை மூன்று நிரையை விட்டுவிடுங்கள்." இவ்வளவுதான். சொன்னது காற்றில் போகவில்லை என்று எல்லோரும் காதால் கேட்டார்கள். கங்காணிக்கும் அது ஒரு மதிப்பைக் கொடுத்தது. அதுவரை ஏச்சை மேலிருந்து கீழே கடத்தியவர், இப்போது செய்து முடித்ததைச் சொல்பவரானார்.

எல்லாக் கூட்டையும் அழிக்கவில்லை. மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். அது போகும்வரை அந்த நிரைகளை விட்டுவைத்தால் போதும். செடிக்குள் கட்டிய குளவிக்கூடுகளை மட்டும், பழகியவர்கள் இருட்டிய பிறகு உரிய உடுப்போடு போய் அகற்றினார்கள்.

மூன்று மாதத்தில் கொப்பி நிறையத் தொடங்கியது. கூடுகள் மட்டுமல்ல, இற்றுப்போன பாலப் பலகை, மண் சரிந்த ஓடை, மருந்து தெளித்த மறுநாளே பறிக்க அனுப்பிய மலை எல்லாம் வந்தன. ஆபத்து கூடிவிட்டதாகத் தோட்ட அலுவலகத்தில் ஒருவர் கவலைப்பட்டார். கூடியது பேச்சு. ஆபத்து முன்பும் அங்கேதான் இருந்தது. நிர்வாகம் அஞ்சிய பொய்த் தகவல் என்று பார்த்தால் இரண்டு வந்தன. இரண்டும் தேனீ கைவிட்டுப் போன பழைய அடைகள். கீழிருந்து பார்க்கும் எவருக்கும் அந்த வேறுபாடு தெரியாது.

இதே பார்வையோடு ஸ்டோருக்குள்ளும் ஒருமுறை போனோம். ரோலரிலிருந்து வரும் கொழுந்துக் கட்டிகளை உடைக்கும் சல்லடையில் அடைப்பு ஏற்பட்டால், இளைஞர்கள் இயந்திரத்தை நிறுத்தாமலே கையை விட்டார்கள். சுவிட்ச் இருபது அடி தள்ளி இருந்தது. நிறுத்தித் தொடங்கும் நேரத்தில் கொழுந்து அதிகம் புளித்து, நிறம் கெட்டுவிடும் என்று தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் கோபிப்பார் என்ற பயமும் இருந்தது. சுவிட்சைக் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றி, அடைப்பு எடுக்க நீண்ட மரக்கரண்டி ஒன்றையும் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். கையை விடுவதைப் பிறகு நான் பார்க்கவில்லை.

1978இல் ஜூடித் கோமாக்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்க உணவுத் தொழிற்சாலை ஒன்றில் செய்த ஆய்வை நான் பயிற்சிகளில் அடிக்கடி சொல்வேன். பாதுகாப்பான செயல் எது என்று விளக்கி, அது எந்த அளவு நடக்கிறது என்பதைத் தொழிலாளருக்கே அடிக்கடி காட்டியபோது, இரண்டு பிரிவுகளில் 70, 78 சதவீதமாக இருந்தது 96, 99 ஆக உயர்ந்தது. அந்தக் காட்டுதலை நிறுத்தியதும் 71, 72க்கு இறங்கிவிட்டது. உயர்ந்ததைவிட இறங்கியதுதான் எனக்கு முக்கியம். நல்ல பழக்கம் ஒருமுறை வந்தால் நிலைத்துவிடும் என்று நிர்வாகங்கள் நம்ப விரும்புகின்றன. பிரட்டில் அந்த ஒரு வரி நின்றுபோனால், கொப்பியும் ஒரு மாதத்தில் வெறுமையாகிவிடும் என்று துரையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

எட்டாத இடங்கள்

கைக்காசுக்கு வருபவர்களை இந்த ஒப்பந்தம் தொடவில்லை. அவர்களில் பலர் ஓய்வு பெற்ற வயதான பெண்கள். கிலோவுக்குக் கிலோ காசு. மலை மாற்றினால் அவர்களுக்கு எந்த ஈடும் இல்லை. சிவப்புத் துணி கட்டாத ஒரு கூட்டைப் பற்றி அவர்களில் ஒருவர் என்னிடம் தனியாகச் சொன்னார், கொப்பியில் எழுத வேண்டாம் என்ற வேண்டுகோளுடன். அந்தக் கூட்டை நானே எழுதினேன், யாருடைய நிரை என்பதை எழுதாமல். அவர்களுக்கும் முழுப்பேர் கிடைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. அட்ரினலின் ஊசியும் அடிவாரத்து டிஸ்பென்சரியில்தான் இருக்கிறது. மேல் டிவிசனிலிருந்து லொறியில் வரவே இருபத்தைந்து நிமிடம்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டேன். விபத்து நடந்த நாளில், நான்காவது நிரைக்காரருக்கு முதல் நிறுவையின் கிலோ மட்டும் எழுதி அரைப்பேர் போட்டிருந்தது. இரண்டு செடிகளுக்கு நடுவில் அவர் பத்திரமாக நிறுத்திவைத்த கூடையை யாரும் நிறுக்கவில்லை. அது மறுநாள்வரை மலையிலேயே கிடந்து வாடிவிட்டது. கணக்கப்பிள்ளையிடம் பேசினேன். அவர் துரையிடம் கேட்டு, அந்த வரியை அடித்து முழுப்பேர் என்று எழுதினார்.

அன்று மாலை இதைச் சொல்ல அந்த நான்காவது நிரை அக்காவின் வீட்டுக்குப் போனேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மற்ற எட்டுப் பேருக்கும் எழுதினார்களா தம்பி?" என்றார். எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸை விட்டுவிட்டு மறுபடியும் அலுவலகத்துக்கு ஏறினேன். அடுத்த சம்பளத்தில் ஒன்பது பேருக்கும் முழுப்பேர் வந்தது.